கரித்தூள் பூசிய நாக்கு

முதுகலை மொழியியல் படித்த நாட்களில், ஒரு மாலைப் பயிற்சி வகுப்பில், ஆலிவ் எண்ணெயில் குழைத்த கரித்தூளைத் தூரிகையால் என் நாக்கில் பூசினார்கள். ‘வால்’ என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு வாயை அகலத் திறக்க வேண்டும். நாக்கு தொட்ட இடத்தில் மட்டும் மேல்வாயில் கரி ஒட்டியிருக்கும். அதைச் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்துக்கொள்வார்கள். பிறகு வாயைக் கழுவி, மறுபடி பூசி ‘வாள்’. மறுபடி கழுவி, பூசி ‘வாழ்’. ‘வால்’ படத்தில் மேற்பல்லுக்குச் சற்றே பின்னால் கரி படிந்திருந்தது. ‘வாள்’ படத்தில் அது அண்ணத்தின் உட்பக்கமாக நகர்ந்திருந்தது. ‘வாழ்’ படத்தில் நடுவே ஒன்றுமே இல்லை. கடைவாய்ப் பற்களை ஒட்டிய இரு ஓரங்களில் மட்டும் கறுப்பு. பேசத் தொடங்கிய நாள்முதல் சொல்லிவந்த ஒலிகளுக்கு என் நாக்கு என்ன செய்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அண்ணப்பதிவு என்ற இந்த எளிய முறையைத் தொலைதூரக் கிராமங்களுக்கெல்லாம் எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் பீட்டர் லடெஃபோகிட். 1925இல் இங்கிலாந்தில் பிறந்து, எடின்பரோவில் ஒலியியலாளர் டேவிட் அபர்க்ராம்பியிடம் பயின்று, 1959இல் உயிரொலிகளின் தன்மை பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றவர். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் களப்பணி செய்த பிறகு, 1962இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக்கு வந்து அங்கே ஒலியியல் ஆய்வகத்தை நிறுவினார். ‘மை ஃபேர் லேடி’ திரைப்படத்துக்கு ஒலியியல் ஆலோசகராக இருந்தவரும் அவரே என்பதால் அந்தத் தகவலைப் பலர் ஆர்வத்தோடு சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் படம் வந்த அதே 1964இல் அவர் தொடங்கிய வேறொரு காரியம். ஆய்வகத்தில் நடக்கும் வேலையை, முடிந்தது முடியாதது என்று பாராமல், ‘ஒலியியல் பணித்தாள்கள்’ என்ற வரிசையாக அச்சிட்டு வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். மாணவர்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் முழுமையாகவே அந்த வரிசையில் வந்தன.

1965இல் வந்த மூன்றாம் இதழ் விக்டோரியா ஃப்ராம்கினின் ஆய்வேடு. உதட்டுத் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி, உதடு மூடிப் பிறக்கும் ஒலிகளின்போது தசைகளில் எழும் மின்னலைகளை அவர் பதிவு செய்தார். ஓர் ஒலியனுக்கு, அதாவது சொற்களின் பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலிக்கு, மூளையிலிருந்து ஒரே மாதிரியான கட்டளைதான் போகும் என்ற எண்ணம் அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. அதே ஒலி சொல்லின் முதலில் வரும்போதும் இறுதியில் வரும்போதும் தசைகள் வெவ்வேறாக இயங்குவதைக் காட்டி, அந்த எண்ணத்தை அவருடைய ஆய்வேடு அசைத்தது. பேச்சில் நேரும் நாப்பிழைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வுகள் பிறகு வந்தவை. 1970இல் வந்த பதினைந்தாம் இதழ், பேச்சு எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது என்பது பற்றி ஜான் ஒஹாலா எழுதிய ஆய்வேடு. அவர் பெர்க்லிக்குச் சென்று அங்கே தனியாகவே ஒரு பெரிய ஆய்வு மரபை உருவாக்கினார்.

அதே ஆண்டில் வந்த பதினாறாம் இதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ரிச்சர்டு ஹார்ஷ்மன் என்ற மாணவர் அதில் 84 பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். பல பேச்சாளர்கள், பல உயிரொலிகள், நாக்கின் பல புள்ளிகள் என மூன்று திசைகளில் விரியும் அளவுகளை, அவற்றுக்கு அடியில் உள்ள சில காரணிகளாகப் பிரித்தெடுக்கும் கணித முறையை விளக்கும் கட்டுரை அது. ‘பாராஃபேக்’ என்பது அந்த முறையின் பெயர். பின்னர் ஹார்ஷ்மன், லடெஃபோகிட், லூயி கோல்ட்ஸ்டைன் மூவரும் சேர்ந்து, 5 பேர் பேசிய 10 ஆங்கில உயிரொலிகளின் எக்ஸ்-ரே படங்களுக்கு அதைப் பயன்படுத்தி, நாக்கின் வடிவ வேறுபாடுகளை இரண்டே காரணிகளால் பெருமளவு விளக்கிவிட முடியும் என்று 1977இல் காட்டினார்கள். இன்று வேதியியலில் கலவைகளைப் பகுத்தறிய அதே முறை பயன்படுகிறது. அந்த வேதியியலாளர்கள் தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டும் மூலமோ ஒலியியல் ஆய்வகம் ஒன்றின் சாதாரணப் பணித்தாள். அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தால் அது இத்தனை தூரம் போயிருக்க முடியாது.

அதே ஆய்வகத்தின் இயன் மேடிசன் 317 மொழிகளின் ஒலியன்களைத் தொகுத்து 1984இல் நூலாக்கியதும், 1991இல் லடெஃபோகிட் ஓய்வு பெற்றபின் பாட்ரிசியா கீட்டிங் ஆய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்தியதும் இந்த வரலாற்றின் அடுத்த பகுதிகள்.

தமிழும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 1983இல் லடெஃபோகிட்டும் இந்திய ஒலியியலாளர் பெரி பாஸ்கரராவும் இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளின் வளைநா ஒலிகளை (டகரம்போல நாநுனியை மேலே வளைத்துச் சொல்பவை) எக்ஸ்-ரே கொண்டு ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தாலும், தமிழிலும் தெலுங்கிலும் நாநுனியின் அடிப்பக்கமே மேலண்ணத்தைத் தொடும் அளவுக்கு நாக்கு மடிகிறது, இந்தியில் அவ்வளவு மடிவதில்லை என்று தெரிந்தது. 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்டு, அபிகெயில் கான் ஆகியோர் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மூவருமே அந்த லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஒரே ஒரு தமிழ்ப் பேச்சாளரை வைத்து, அண்ணப்பதிவு, எம்.ஆர்.ஐ., நாக்கில் ஒட்டிய நுண்சுருள்களின் அசைவைக் காந்தப்புலத்தால் பின்தொடரும் கருவி என மூன்று வழிகளில் அளந்தார்கள். ரகர வகை ஒலிகள் ஒரு கூட்டம், லகர வகை ஒலிகள் இன்னொரு கூட்டம் என்பதை நாக்கின் இயக்கம் உறுதி செய்தது. ஐந்தையும் ஒரே இனமாகச் சேர்க்க அதில் ஆதாரம் இல்லை. தொல்காப்பியப் பிறப்பியலும் நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று ரகரத்தையும் ழகரத்தையும் சேர்த்துச் சொல்லி, லகர ளகரங்களைத் தனியே வேறொரு நூற்பாவில் வைக்கிறது. கருவி எதுவுமில்லாமல் தன் நாக்கின் உணர்வை மட்டும் கவனித்து அதை எழுதியவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நம் ஊர் வட்டார வழக்கு ஒன்றைப் பற்றிய பழைய ஆய்வேட்டைத் தேடி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தேன். ஆய்வேடு கிடைத்தது. அதற்காகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் எங்கே என்று கேட்டதற்கு, அறை மாற்றியபோது அகற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அன்று பேசியவர்களில் யாரும் இப்போது இருக்க வாய்ப்பில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் மனத்தில் ஓடியது அந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம்தான். 200க்கும் மேற்பட்ட மொழிகளில் எடுத்த களப்பதிவுகளை, கையெழுத்துச் சொற்பட்டியல்களோடு சேர்த்து, யாரும் இலவசமாகக் கேட்கும்படி அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

நீலகிரியின் தோடர் மொழியில் லடெஃபோகிட்டுக்கு நீண்டகால ஈடுபாடு இருந்தது. நாநுனி அதிர்ந்து பிறக்கும் ஆடொலிகள் அதில் மூன்று இடங்களில் பிறக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இணை ஒன்று உண்டு, ஆக ஆறு. இவற்றைப் பற்றி சினிஷா ஸ்பாயிச், பாஸ்கரராவ் இருவரோடும் சேர்ந்து 1996இல் கட்டுரை எழுதினார். ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகப்போகிற நிலையிலும் தோடர் மொழிக்காகவே மீண்டும் இந்தியா வந்தார். வீடு திரும்பும் வழியில், 2006 ஜனவரி 24 அன்று, லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.