பையனுக்கு ஐந்து மணி நேரம்

அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீட்டில் வளரும் ஒரு பையனைப் பற்றிய படம் என்றால் கதை கேட்கும்போதே மனசு இளகிவிடும். அம்மா விட்டுவிட்டுப் போன பையன், ஊரோடு ஒட்டாத இரண்டு பெரியவர்கள், ஒரு பழைய ஓட்டு வீடு. பொள்ளாச்சிக்கு மேற்கே கோவிந்தாபுரம் தாண்டிக் கொல்லங்கோடு வரை இந்தக் கதைக்கென்றே கட்டி வைத்தது போல வீடுகள் இருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்தால் பனைமரங்கள், அவற்றுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை. லொக்கேஷன் பார்க்கப் போன இயக்குநர்கள் அங்கேயே பாதிப் படத்தை எடுத்துவிட்ட சந்தோஷத்தோடு திரும்புவார்கள். பையனுக்கும் கிழவருக்கும் இடையே இருக்கும் பாசம் திரையில் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது மட்டும் வேறு ஒன்று. அது உதவி இயக்குநர் போடும் ஷெட்யூல்.

முதலில் சட்டம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 2017-இல் வந்த விதிகள் சினிமாவில் நடிக்கும் குழந்தைகளுக்கென்று தனியாகச் சில கட்டுப்பாடுகளைச் சொல்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படிப்பும் விட்டுப்போகக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போய்ச் சேர வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வரி.

இதற்கான அனுமதியைப் படிவம் 'சி' உறுதிமொழியோடு மாவட்ட ஆட்சியரிடம் வாங்க வேண்டும். எந்த மாவட்டத்தில் படப்பிடிப்போ அந்த மாவட்டத்து ஆட்சியர். எல்லையோரத்தில் வேலை செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். வீடு பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும்; பையன் சைக்கிள் ஓட்டும் தென்னந்தோப்பு கோவை மாவட்டத்தில் இருக்கும். படத்தில் இரண்டும் ஒரே ஊர், காகிதத்தில் இரண்டு மாநிலம். இரண்டு ஆட்சியர் அலுவலகம், இரு பக்கமும் போலீஸ் அனுமதி, ஜெனரேட்டர் வண்டிக்கு மாநிலம் தாண்டும் பெர்மிட், இரு பக்கத் தொழிலாளர் சங்கங்களோடும் முன்கூட்டியே பேச்சு. எல்லைச் சோதனைச் சாவடியில் ஜெனரேட்டர் வண்டி நின்றுவிட்டால் பையனின் ஐந்து மணி நேரத்தில் இரண்டு அங்கேயே போகும். ஆகவே ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் என்று பிரித்துவிடுவது நல்லது. தோப்புக் காட்சிகளை எல்லாம் சேர்த்து ஒரு தவணையாக எடுத்துவிடலாம்.

பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அந்த மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். பையன் தாங்கிக்கொள்வான், எழுபது தாண்டிய நடிகர் தாங்க மாட்டார். காலை ஆறு முதல் பத்தரை வரை, பிறகு மாலை நான்கிலிருந்து வெளிச்சம் சாயும் வரை என்று நாளை இரண்டாக வெட்ட வேண்டும். நடுப்பகலில் பெரியவர்களுக்குத் தூக்கம், பையனுக்குச் சாப்பாடும் விளையாட்டும். அந்த இடைவேளையை வீண் என்று நினைக்கும் தயாரிப்பு நிர்வாகிகள் உண்டு. முற்றத்துக்குள் நேர் வெயில் இறங்கி முகத்தில் கண்குழி நிழல் விழும் நேரம் அது. எடுத்தாலும் நன்றாக இருக்காது.

பெரியவர்களுக்கான ஏற்பாடுகளை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. பழைய வீடுகளில் குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைதான் இருக்கும். முட்டி வலிக்காரருக்கு ஒரு கமோடு நாற்காலி முதல் நாளே வர வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். சர்க்கரை இருப்பவருக்கு மதியச் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வசனம் தடுமாறும், நாம் ஞாபகமறதி என்று தப்பாக நினைத்துக்கொள்வோம். காது மந்தமானவருக்கு 'ஆக்‌ஷன்' கேட்காது. கேமராவுக்கு வெளியே ஒருவர் கையைத் தாழ்த்திக் காட்டினால் போதும், கத்தத் தேவையில்லை. மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிந்தால், காதுப்பிடியைக் காதிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு போய்விடும்.

இனி உண்மையான சிக்கல். குழந்தைகள் பெரும்பாலும் முதல் டேக்கிலோ இரண்டாவதிலோ மலர்ந்துவிடுவார்கள். நான்காவது டேக்கில் வசனம் மனப்பாடமாகிவிடும், முகம் காலியாகிவிடும். வயதான நடிகர் நேர்மாறு. மூன்றாவது டேக்கில்தான் உடம்பு சூடேறும். இருவரையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் யாருக்காகக் காத்திருப்பது? எங்கள் வழி இது. பையன் வருவதற்கு முன்பே, அவன் இடத்தில் ஒரு உதவி இயக்குநரை உட்காரவைத்து, பெரியவருக்கு இரண்டு மூன்று ஒத்திகை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, ஒத்திகை என்று சொல்லாமலேயே கேமராவை ஓட விட்டு முழுக் காட்சியையும் எடுக்க வேண்டும். அடுத்து பையனின் குளோசப். கடைசியில் பெரியவரின் குளோசப்.

அந்தக் கடைசிக் குளோசப்பில்தான் பெரும்பாலும் காட்சி கெடுகிறது. பையனின் நேரம் முடிந்து அவனை அனுப்பியிருப்பார்கள். பெரியவர் ஒரு உதவி இயக்குநரின் முகத்தைப் பார்த்துப் பாசமாகப் பேச வேண்டும். கண் ஈரமாகாது. இதற்கு முழுத் தீர்வு இல்லை, பாதித் தீர்வு உண்டு. காட்சியின் உயிரான இரண்டு வரிகள் எவை என்று முந்தின இரவே குறித்துக்கொண்டு, அந்த இரண்டு வரிகளுக்கு மட்டும் பையனைக் கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாம். பத்து நிமிடம் போதும். மீதிக்கு உதவி இயக்குநர். ஆனால் அவர் நிற்கக் கூடாது. பையனின் கண் உயரத்தில், லென்ஸுக்கு அதே பக்கத்தில், தாழ்வான முக்காலியில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு வசனம் கொடுத்தால் பெரியவரின் பார்வை மேலே ஏறிவிடும். எடிட்டிங்கில் அவர் பையனின் தலைக்கு மேலே யாரையோ பார்ப்பது போல இருக்கும். சரி செய்யவே முடியாது.

உயர வித்தியாசம் இன்னொரு வேலை. நிற்கும் பெரியவரையும் பையனையும் நெருக்கமாக ஒரே ஃபிரேமில் பிடித்தால் ஒருவரின் தலை வெட்டுப்படும். ஆப்பிள் பாக்ஸ் என்னும் மரப்பெட்டியைப் போட்டு, அதன்மேல் நிற்கவைத்துப் பையனை உயர்த்தலாம். முழுப் பெட்டி எட்டு அங்குலம், அரைப் பெட்டி நான்கு. பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பையனை நிற்க விடுவது அதைவிட அழகு. இருவர் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். கேமராவும் மூன்றரை அடியில் நிற்கும். வீடு முழுக்கப் பையனின் உயரத்திலிருந்து பார்த்த வீடாகிவிடும்.

கிழவர்களின் கிறுக்குத்தனத்தை எழுத்தில் நிறைய வைப்பார்கள்: கத்துவது, துப்பாக்கி தூக்குவது, வந்தவரை விரட்டுவது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கையில் வேலை இல்லாத கிறுக்குத்தனம் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். ஒருவர் பழுதான வால்வு ரேடியோவை விடாமல் பிரித்துக் கோர்க்கிறார் என்று வையுங்கள். வால்வு சூடாக அரை நிமிடம் போல ஆகும். அந்த மௌனத்துக்குள் ஒரு காட்சியே இருக்கிறது. "ஏனுங் அப்பிச்சி, இது பாடுமுங்களா?" என்று பையன் கேட்கட்டும். "பாடுங் கண்ணு, சூடாகோணுமில்ல" என்று அவர் சொல்லட்டும். அதே ரேடியோ படத்தில் மூன்று தடவை வர வேண்டும், மூன்றாம் தடவை பையன் கை அதில் இருக்க வேண்டும். நடிகர்களுக்கும் இதனால் நன்மை. நிலக்கடலை உரிப்பது, தென்னங்கீற்று முடைவது என்று கைக்கு நிஜ வேலை கொடுத்தால் வசனம் தானாக வரும். படப்பிடிப்புக்கு முந்தின சில நாட்கள் கேமரா இல்லாமல் இருவரும் அந்த வேலையைச் சேர்ந்து பழகட்டும். முடிந்தவரை கதை வரிசையிலேயே எடுக்க வேண்டும். முதல் நாட்களில் பையனுக்கு இருக்கும் கூச்சம் நிஜமானது, திரும்ப வராது.

விலங்குகள் வைத்து எழுதும்போது கவனம். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டும் விலங்குகளாகப் பழக்கவோ காட்சிப்படுத்தவோ கூடாது என்று 1998-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கிழவர் சிங்கம் வாங்கினார் என்று கதை கேட்டால் கணினி வரைகலைதான் வழி. நாய், ஆடு, கோழி என்றாலும் 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. தணிக்கைக்குப் போகும்போது வாரியத்தின் சான்றிதழைக் கேட்பார்கள். வாரியம் முன்பு சென்னையில் இருந்தது, 2018-இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. விண்ணப்பத்தை முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும்.

தவணைகளுக்கு இடையே பையன் வளர்ந்துகொண்டே இருப்பான். வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர். கால்சட்டையை மடிப்பு உள்ளே விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். சட்டையில் ஒரே துணியில் இரண்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வயதுக்குள் முன்பற்கள் விழும். அந்த வயதுப் பையன் என்றால் முதல் நாளே பல் மருத்துவரிடம் அச்சு எடுத்து வைத்துவிட்டால், பல் விழுந்தாலும் தற்காலிகப் பல் பொருத்திச் சமாளிக்கலாம். பதினொன்று, பன்னிரண்டு வயது என்றால் பயம் வேறு: டப்பிங் வருவதற்குள் குரல் உடைந்துவிடும்.

நேரடி ஒலிப்பதிவு செய்தால் இந்தப் பயம் குறையும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று அதற்கு விடுமா என்பது வேறு கேள்வி. அங்கே காற்று பலமாகவே அடிக்கும்; காய்ந்த பனையோலை உரசும் சத்தம் மைக்கில் மழை மாதிரி விழும். ஜெனரேட்டரை வீட்டுக்குப் பின்னால், காற்று போகும் திசையில் தள்ளி நிறுத்த வேண்டும். அப்படியும் வெளிப்புறக் காட்சிகளில் பாதி ஒலி தேறாது. எனவே காட்சி முடிந்த உடனே, பையன் அதே மனநிலையில் இருக்கும்போதே, நெல் மூட்டைகள் அடுக்கிய உள்ளறைக்குக் கூட்டிப்போய் அவனுடைய வரிகளை மட்டும் தனியாக இரண்டு முறை பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரியவரும் எதிரே உட்கார்ந்து தன் வரிகளைச் சொல்லட்டும். மூட்டைகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். கடைசியில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியையும் பதிவு செய்துவிட்டு, கோப்பில் காட்சி எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டால் டப்பிங் அறையில் பையனின் பழைய குரல் கையில் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தையும் ஐந்து மணி நேரக் கணக்குக்குள்ளேயே சேர்த்து ஷெட்யூல் போட வேண்டும்.