தூணி நெல்லும் தலைக்கட்டு வரியும்

இந்த ஆண்டு எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆற்காட்டை அடுத்த பாலாற்றங்கரைச் சிற்றூர் எங்களுடையது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என நடக்கும் விழாவின் செலவில் பெரும்பகுதி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரியாகவே திரள்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடிய அன்று, பத்து இரவுக் கூத்தை ஐந்தாகக் குறைத்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. அப்படிக் கேட்டவர்கள் கூத்தின்மேல் பற்றில்லாதவர்கள் அல்லர். கர்ண மோட்சத்தன்று விடியும்வரை எழாமல் அமர்ந்திருப்பவர்கள். வரி கொடுக்க முடியவில்லை என்பதே அவர்கள் வருத்தம்.

அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-இல் இந்தச் சிக்கலைத்தான் விளக்கினார்கள். எங்கள் பக்கத்து உதாரணத்தில் சொல்வதானால், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் இயந்திரம் மாறினால் ஒருவர் ஒரு நாளில் தைக்கும் காலணிகளின் எண்ணிக்கை கூடும்; அதனால் கூலியும் ஏற இடமுண்டு. சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் வரும் பகடை துகில் கூத்துக்கோ என் தாத்தா காலத்தில் தேவைப்பட்ட அதே இரவு, அதே முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், அதே எண்ணிக்கை வேடக்காரர்கள் இன்றும் வேண்டும். ஆனால் கூத்தாடும் இளைஞரும் தொழிற்சாலைக்குப் போகும் இளைஞரும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறார்கள். ஆகவே ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், கூலியும் ஏறியே தீரும். வாசற்கதவும் நுழைவுச்சீட்டும் இல்லாத வெட்டவெளிக் கலைக்கு அந்த ஏற்றத்தை யார் தாங்குவது?

பழைய காலத்தில் இதற்கு மிகத் தெளிவான ஏற்பாடுகள் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் கோயிலில் ஆடும் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கு நிலமும் அளித்தான். பங்கு பெற்றவர் இறந்தால் அடுத்த உறவினர் பணியைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அவரே அமர்த்த வேண்டும் என்றும் கல்வெட்டு கூறுகிறது. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தருக்கு நாள்தோறும் ஒரு தூணி வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் காணியாக, அதாவது பரம்பரை உரிமையாக, வழங்கப்பட்டது. தூணி என்பது கலத்தில் மூன்றில் ஒன்று. 360 நாளுக்குக் கணக்கிட்டால் 120 சரியாக வருகிறது. நாடகம் நடப்பது திருவிழாவில், நெல் அளக்கப்படுவதோ ஆண்டு முழுவதும்! மேடையேறாத நாளிலும் கலைஞருக்குப் பசிக்கும் என்பதை அறிந்து எழுதிய கணக்கு அது.

அந்த ஏற்பாட்டை அப்படியே போற்றவும் என்னால் இயலாது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் பிற்காலத்தில் கொடிய அடிமைத்தனமாக இறுகியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதை முறித்தது நன்மையே. ஆனால் மானியங்களின் இடத்தில் வேறெதுவும் வந்து நிற்கவில்லை. ஆங்கிலேய அரசு 1876-இல் நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்துக்குச் சட்டம் இயற்றியது. 1939-இல் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரி வந்தது. கலையை ஆளவும் அதன்மேல் வரி போடவும் அரசுக்குத் தெரிந்திருந்தது.

விடுதலைக்குப் பின் 1953-இல் சங்கீத நாடக அகாதெமியும், பின்னர் மாநிலத்தில் இயல் இசை நாடக மன்றமும், 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் அமைந்தன. செய்யாற்றை அடுத்த புரிசையின் கண்ணப்பத் தம்பிரானுக்கு அகாதெமி விருது கிடைத்தது பழைய வடஆற்காடு முழுவதற்கும் பெருமை. எனினும் விருதும் பொற்கிழியும் நலிந்த கலைஞருக்கான உதவித்தொகையும் தனி மனிதரைச் சேர்கின்றன. பெரும்பாலும் அவர் ஆடி முடித்து ஓய்ந்த பிறகு சேர்கின்றன. ஓர் ஊரில் ஓர் இரவு கூத்து நடப்பதற்கான செலவை இன்றும் ஊர்தான் தாங்குகிறது. பண்டைய ஏதென்சில் நாடகப் பாடகர் குழுவின் பயிற்சிக்கும் உடைக்கும் ஆகும் செலவை ஒரு செல்வந்தர் ஏற்க, நடிகர்களின் ஊதியத்தை அரசு ஏற்றது. எங்கள் ஊரிலும் சில இரவுகளுக்கு உபயதாரர் உண்டு. அரசின் பாதிதான் இல்லை. ஊர் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசும் ஒரு தொகை தருமானால், வரியில் பாதி குறையும், இரவுகள் குறைய வேண்டியிருக்காது.

இந்த ஆண்டு எட்டு இரவுகள் என்று முடிவாயிற்று. விடுபட்ட இரண்டில் ஒன்று திரௌபதி குறவஞ்சி. அச்சாரம் கொடுக்கப் போனபோது, ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் அதைச் சொன்னேன். அதில் திரௌபதி போடும் குறத்தி வேடத்தை முழுப்பாட்டோடு கட்டத் தெரிந்தவர் ஜமாவில் ஒருவர்தான் மிச்சம் என்றும், அறுபது வயதைக் கடந்த அவர் இந்த ஆண்டு ஒரு பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்றும் வாத்தியார் சொன்னார்.