பழையனூர் நீலியும் அவள் இடுப்பில் இருந்த கள்ளியும்

தன்னைக் கொன்றவனை மறுபிறவியில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் பழிவாங்கிய பேய் நீலி. அவள் கதையைக் கூத்தாகவோ சிறுகதையாகவோ வில்லுப்பாட்டாகவோ திரும்பச் சொல்ல நினைப்பவர்கள் பேயிலிருந்து தொடங்கக் கூடாது. கள்ளிச்செடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வடிவத்தில் அவள் முதலில் ஒரு தாசியின் மகள். அவளிடம் பொருளையெல்லாம் இழந்த கோயில் பூசாரியைத் தாய்க்காரி வீட்டைவிட்டு விரட்டுகிறாள். இவளோ நகைகளோடு அவன் பின்னாலேயே போகிறாள். காட்டு வழியில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாகும் நேரத்தில் அவள் பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். அங்கே பார்த்தது அந்தச் செடி மட்டும்தான். அடுத்த பிறவியில் அவள் ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். கேட்பவர்கள் பலருக்கு இது ஏதோ மாயவித்தை. உண்மையில் அவள் சபைக்குக் கொண்டுவருவது தன் கொலையைக் கண்ட ஒரே சாட்சியை. இதைக் கவனிக்காமல் "ஒரு கட்டையைக் குழந்தையாக்கினாள்" என்று தாண்டிப்போகிற எந்த மறுகூறலும் அங்கேயே பாதி உயிரை இழந்துவிடும்.

கள்ளியை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். அந்தப் பால் பிள்ளை குடிக்கிற பால் அல்ல. பெண் சிசுக்களுக்கு அது எதற்குப் பயன்பட்டது என்பது நம் ஊர்களுக்குத் தெரியும். பால் வடிக்கும் நஞ்சுச் செடியைப் பிள்ளையாக ஏந்தி நிற்கும் பெண்ணைக் கற்பனை செய்தவர்கள் சாதாரணக் கதைசொல்லிகள் அல்ல.

தொண்டை நாட்டு வடிவம் வேறு. காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் வீட்டில் மனைவி இருக்கக் காசிக்குப் போய் அங்கே இன்னொருத்தியை மணக்கிறான். திரும்பும் வழியில் திருவாலங்காட்டருகே, மூத்தவளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் இவளைக் கொன்றுவிடுகிறான். இரண்டு வடிவத்திலும் மாறாதவை: நம்பி உடன் வந்த பெண், ஊர் எல்லைக்கு வெளியே ஓரிடம், துணையே கொலைகாரனாவது. பிறகு அவன் வணிகனாக, ஒரு செட்டியாகப் பிறக்கிறான், அவள் நீலியாகிறாள். பழையனூரில் எழுபது வேளாளர் கூடிய ஊர்ச் சபைமுன் அவனைத் தன் கணவன் என்கிறாள். சபை அவன் ஆயுதத்தை வாங்கிவிட்டு இருவரையும் ஓரிடத்தில் தங்கவைக்கிறது, அன்றிரவே அவனைக் கொல்கிறாள். எந்த வடிவத்தை எடுத்தாலும் சரி, ஒன்றையே எடுங்கள். காசியையும் கள்ளிச் சாட்சியையும் கலந்தால் இரண்டு ஊர்ப் பேச்சு கலந்த பாட்டு மாதிரி இருக்கும்.

அவளுடைய சக்தி எவ்வளவு, எதுவரை என்பதை எழுதுபவர் முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நீலி எல்லாம் வல்லவள் அல்ல. அவள் உருவம் மாற்றலாம், இன்னொருத்தியின் குரலில் பேசலாம், கொம்பைப் பிள்ளையாக்கலாம். ஆனால் செட்டியின் கையில் மந்திரம் ஏற்றிய ஆயுதம் இருக்கும்வரை அவனைத் தொட முடியாது. அதை வாள் என்பாரும் உண்டு, கத்தி என்பாரும் உண்டு. அதனால்தான் அவளுக்கு ஊர்ச் சபை தேவைப்படுகிறது. ஆயுதத்தை அவன் கையிலிருந்து வாங்கும் அதிகாரம் பேய்க்கு இல்லை, பெரியவர்களுக்கு உண்டு. அவளைக் காற்றில் பறக்கவிட்டு, கண்ணில் நெருப்புக் கக்கவைத்தால் இந்தக் கட்டுப்பாடு உடைந்துவிடும். பறந்து கொல்ல முடிந்தவள் சபைமுன் நின்று அழுவானேன் என்று கேட்பவர் மனசுக்குள் ஒரு கேள்வி விழும். அதற்குமேல் கதை நிற்காது.

அடுத்தது கணக்கு. முதல் இரவில் நடந்த ஒவ்வொன்றும் கடைசி இரவில் தலைகீழாகத் திரும்ப வருகிறது. அன்று நம்பியவள் அவள், இன்று ஊர்ச்சொல்லை நம்பி உள்ளே போகிறவன் அவன். அன்று ஆயுதம் இருந்தது அவனிடம், இன்று அவன் வெறுங்கை. அன்று மனிதர் யாரும் பார்க்கவில்லை, இன்று எழுபது பேர் உத்தரவாதம் கொடுத்தும் மூடிய கதவுக்குள் யாரும் பார்க்கவில்லை. கடும் அதிர்ச்சிக்கு ஆளான ஒருவர் அந்த நிகழ்ச்சியை வெறுமனே நினைவுகூர்வதில்லை, பல நேரம் மறுபடி அதற்குள்ளேயே போய் நிற்கிறார் என்று மனநல மருத்துவம் சொல்கிறது. நீலி அந்த இரவைவிட்டு வெளியே வரவே இல்லை. பாத்திரங்களை மட்டும் மாற்றிப் போட்டு அதையே மறுபடி நடத்துகிறாள். எழுதும்போது இந்த இரண்டு இரவுகளையும் தாளில் அருகருகே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வரும் பொருள் மறுபக்கம் வராவிட்டால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

சபைக் காட்சிதான் கதையின் இதயம். செட்டி, "இவள் என் மனைவி இல்லை, பேய்" என்கிறான். அவள், "நான் இவர் மனைவி, என்னைக் கைவிட்டு ஓடுகிறார்" என்று அழுகிறாள். பிள்ளையை இறக்கிவிட்டால் அது நேராகப் போய் அவனை அப்பா என்கிறது. இந்த அழுகைதான் நம் மொழியில் நீலிக்கண்ணீர் என்று நின்றுவிட்டது. பொய்க் கண்ணீருக்கு அதுதான் பெயர். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. அவள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அவள் அவனை நம்பி வந்தவள்தான். அவன் அவளைக் கைவிட்டவன்தான். கைவிட்டது மட்டுமா, கொன்றவன். அவள் சொன்னது முழுவதும் உண்மை, ஒரு பிறவி பிந்திப்போன உண்மை. சபையில் இருப்பவர்களுக்கு அது பொய்யா மெய்யா என்று தெரியாது, செட்டிக்குப் பொய், அவளுக்கு மட்டும் மெய். நடிப்பவர் இங்கே பார்வையாளர் பக்கம் திரும்பிக் கள்ளச்சிரிப்புச் சிரித்தால் காட்சி செத்தது. நிஜமாகவே அழ வேண்டும். கேட்பவர் யாரை நம்புவது என்று தெரியாமல் தவிக்க வேண்டும்.

செட்டியையும் கொடியவனாக்கிவிடக் கூடாது. இந்தப் பிறவியில் அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை, செய்ததும் நினைவில் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான். அவனைக் குடிகாரனாகவோ பெண்பித்தனாகவோ காட்டி நீலிக்கு நியாயம் தேட முயல்வது குறுக்கு வழி. அப்படிச் செய்தால் கேட்பவர் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அவனுக்காகவும் நெஞ்சு பதற வேண்டும்.

மறுகூறல்களில் முதலில் வெட்டப்படுபவன் நீலன், அவள் உடன்பிறந்தவன். நேரம் போதாது என்று அவனை எடுத்துவிடுகிறார்கள். அவளைத் தேடிவந்து, உடலைக் கண்டு, தானும் உயிரை விட்டவன் அவன். மறுபிறவியிலும் அவளோடே பிறக்கிறான், இரவில் அவளோடே மாடுகளைத் தின்கிறான். எந்தப் பிறவியிலும் அவளை ஏமாற்றாத ஒரே ஆள். விரிவான வடிவங்களில் அவன் முடிவுக்கு வேளாளரும் காரணமாகிறார்கள். அவனை நீக்கினால் இரண்டு நட்டம். நீலிக்கு நேசிக்கத் தெரியும் என்பதற்கான சான்று போய்விடுகிறது. கணவன்மேல் இருந்த பகை எழுபது பேர்மேல் ஏன் பாய்ந்தது என்பதற்கும் பதில் இல்லாமல் போகிறது. நாலு வரியாவது அவனுக்கு ஒதுக்குங்கள்.

அந்த எழுபது பேர். இவர்களை முட்டாள்களாகக் காட்டுவது இன்னொரு பொதுப் பிழை. அவர்கள் செய்த விசாரணையில் குறை ஒன்றும் இல்லை. இரு தரப்பையும் கேட்டார்கள், பிள்ளையைச் சோதித்தார்கள், சந்தேகம் மிச்சம் இருந்ததால் தங்கள் உயிரையே பிணை வைத்தார்கள்: "உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்." செய்யக்கூடிய எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தவறான தீர்ப்பு வந்தது. விடிந்து பார்த்தால் செட்டி பிணம். தீக்குழி வளர்த்து இறங்குகிறார்கள். அறுபத்தொன்பது பேர் இறங்கியபோது ஒருவர் வயலில் உழுதுகொண்டிருந்தார் என்றும், செய்தி கேட்டதும் தன் கலப்பையின் கொழுவிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் சொல்வது வழக்கம். அந்த ஒருவரை விட்டுவிடாதீர்கள். கூட்டத்தோடு இறங்குவது வேறு. யாரும் பார்க்காத வயலில் தனியாகச் சொல் காப்பது வேறு. முதல் இரவில் அவளிடம் கொடுத்த சொல்லை ஆள் இல்லாத இடத்தில் ஒருவன் மீறினான். இவர் ஆள் இல்லாத இடத்தில் காத்தார். நீலிக்கு உண்மையான எதிர்ப்பக்கம் இவர்தான் என்பது என் கருத்து.

7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியையும் பழையனூரையும் சேர்த்துப் பாடிவிட்டார் என்பதால் கதையின் வயது புரியும். வேளாளர் தீப்பாய்ந்ததன் நினைவிடம் திருவாலங்காட்டருகே பழையனூர்ப் பக்கம் இருக்கிறது.

அதே திருவாலங்காட்டில் இன்னொரு பேய் உண்டு, காரைக்கால் அம்மையார். மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு பயந்து ஓடிய கணவன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு இவர் பெயரையே வைத்து, குடும்பத்தோடு வந்து காலில் விழுகிறான். இரண்டு மனைவியர், பயந்த கணவன், ஒரு பிள்ளை. நீலி கதையின் அதே சாமான்கள்தாம். ஆனால் அம்மையார் பேயுருவைக் கேட்டு வாங்கினார், நீலிமேல் அது விழுந்தது. இருவரையும் ஒரே மேடையில் வைப்பவர்கள் இந்த வேறுபாட்டை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

இவ்வளவு கதையிலும் நீலியை யாரும் நீலியாகப் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒரே ஒருவர், அதுவும் சமணர்கள் எழுதிய நீலகேசியில். 894 பாடல்கள் கொண்ட அந்த நூல் ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். முனிச்சந்திரர் என்ற துறவி உயிர்ப்பலியைத் தடுக்கிறார், மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்கிறார். பலி நின்றுபோன காளி அவர் தவத்தைக் கலைக்கப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்துகிறாள், அவர் அசையவில்லை. அரசகுமாரியாக உருமாறி மயக்கப் பார்க்கிறாள், அவர் அவளை இன்னாரென்று கண்டுகொள்கிறார். விரட்டவும் இல்லை, விழவும் இல்லை. அவள் அங்கேயே மாறுகிறாள். கொலையை விட்டு அவர் மாணவியாகி, ஊர் ஊராகப் போய்க் பௌத்தத் துறவி குண்டலகேசி முதல் ஐம்பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி வரை வாதில் வெல்கிறாள். சபையில் கண்ணீரால் வென்றவள், இப்போது சபை சபையாகத் தருக்கத்தால் வெல்கிறாள். அவளிடம் முதலிலிருந்தே இருந்த திறமை அதுதான், சபையில் பேசும் திறமை. மாந்திரீகம் அதற்குப் பிறகு.

தெற்கே அவள் இசக்கி அம்மனாக நிற்கிறாள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் பெரிய கோயில். குமரி, நெல்லைப் பக்கத்து இசக்கி உருவங்கள் பலவற்றில் ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும், இன்னொன்று வாயில் கடிபட்டிருக்கும். பார்க்கும் வெளியூர்க்காரர் பதறுவார். உள்ளூர்ப் பெண்கள் பிள்ளைவரம் கேட்டு அவளிடம்தான் போகிறார்கள், மரத்தொட்டில் கட்டுகிறார்கள், மண்பொம்மைகளும் வளையல்களும் வைக்கிறார்கள். கொடைவிழாவில் வில்லுப்பாட்டு அவள் கதையைச் சொல்லும்போது, கல் விழும் இடத்தைப் பாடகர் அவசரப்படாமல் பாட வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பேயின் கதை கேட்க வந்தவர்கள் அல்ல. கள்ளியைத் தவிர வேறு சாட்சி கிடைக்காதவளின் கதை கேட்க வந்தவர்கள்.