பனையேறியின் வழியில் எத்தனை வெளிச்சம்?

வள்ளியூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இயற்கை ஒளி, செயற்கை ஒளி என்ற பாடத்துக்கு முதலில் நான் சொல்லிவந்த கதையில் சூரியனும் குண்டு பல்பும் யார் பெரியவர் என்று சண்டை போடும். கடைசியில் பல்பு தலைகுனியும். பிள்ளைகள் கைதட்டிக் கேட்டார்கள். மறுநாள் கேட்டபோதோ, செயற்கை என்றால் தோற்றுப்போனது, கெட்டது என்றே பலரும் சொன்னார்கள். பொருள்களைப் பேசவைக்கும் கதைகளில் இந்த ஆபத்து உண்டு என்று அன்று தெரிந்துகொண்டு, அந்தக் கதையை அத்துடன் நிறுத்திவிட்டேன்.

பிறகு சொன்னது ஒரு பனையேறியின் கதை. வைகாசி மாதத்தில், விடிவதற்கு முன்னால், இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் பனைகள் நிற்கும் விளைக்குப் புறப்படுகிறார். கதை அவ்வளவுதான், சண்டையும் இல்லை, நீதியும் இல்லை. வழியில் ஒரு வெளிச்சம் தென்படும்போதெல்லாம் நான் நிறுத்திவிடுவேன், "ஆள் ஏத்துனதா, தானா வந்ததா?" என்பதற்குப் பிள்ளைகள் பதில் சொன்னால்தான் அவர் அடுத்த அடி எடுத்துவைப்பார். வீட்டு மாடத்து விளக்கு, டீக்கடை டியூப்லைட், தூரத்துக் காற்றாலையின் உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்கு ஆகியவற்றை நொடியில் சொல்லிவிடுவார்கள். கிணற்றடியில் பறக்கும் மின்மினிப்பூச்சியிடம் கொஞ்சம் தயங்குவார்கள். அதன் வயிற்றில் இருக்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது என்றும், அதில் சூடு ஏறக்குறைய இல்லை என்றும் சொன்னால், கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைகள் உடனே தலையாட்டுவார்கள்.

தேய்பிறை நிலாவிடம்தான் வண்டி நின்றுவிடும். தானாக வந்த வெளிச்சம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அது நிலாவின் சொந்த வெளிச்சம் இல்லையே. இதை வாயால் விளக்கிப் பயனில்லை என்பதால், சத்துணவுத் தட்டு ஒன்றை வெயிலில் பிடித்துச் சுவரில் வெளிச்ச வட்டத்தை ஓடவிடுவேன். அதே தட்டைக் கதவு, சன்னல் எல்லாம் அடைத்த அறைக்குள் கொண்டுபோனால் அது இருக்கும் இடமே தெரியாது. நிலாவும் அந்தத் தட்டைப் போலத்தான் என்றதும், "அப்போ விடிவெள்ளி, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதுவும் தட்டுதான், வெள்ளி ஒரு கோள், விண்மீன் அல்ல.

நான் அதிகம் ரசித்தது கதையின் கடைசிப் பகுதியை. விளையில் இடி விழுந்து ஒரு பனையின் தலை பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. மாட விளக்கில் எரிவதும் தீ, பனையில் எரிவதும் தீ. பிறகு ஒன்றைச் செயற்கை என்றும் மற்றதை இயற்கை என்றும் எப்படிச் சொல்வது? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். திரி திரித்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றிவைத்த கை ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வியே தவிர, எரிவது எது என்பது அல்ல என்ற இடத்துக்கு அவர்களாகவே வந்து சேர ஒரு பாடவேளை முழுதும் பிடிக்கும். மின்னலும் மின்சாரம்தான், டியூப்லைட்டில் ஓடுவதும் மின்சாரம்தான் என்பதை அதன்பின் சொன்னால் யாரும் குழம்புவதில்லை. பாடப்புத்தகத்துப் பட்டியல்களில் இந்தத் தர்க்கத்துக்கு இடம் இருப்பதில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

இப்போது இதே கதையைப் பேரனுக்குச் சொல்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் காற்றுதான் நம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிக் கரண்டு எடுக்கிறது என்றும், வெயிலால் நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடாவதால்தான் அந்தக் காற்றே கிளம்புகிறது என்றும் போன வாரம் சொல்லிவைத்தேன். சற்று நேரம் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்போ இதுவும் சூரியன் வெளிச்சந்தானே ஆச்சி, ஆளு எதுக்கு?" என்றான். பனையேறியை அப்படியே வழியில் நிறுத்திவிட்டு, எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன். இருட்டுக்குள் அவனே தட்டுத்தடுமாறிப் போய் அதைப் போட்டான்.