பன்னிரண்டு நாற்காலி

நவம்பர் 16, 2023, வியாழன்

ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்தேன், சத்தம் எந்தக் காதில் கேட்கிறது என்று பார்க்க. வலது.

நவம்பர் 17, வெள்ளி

ஹைதராபாத்திலிருந்து ஒரு படத்துக்கு மூன்று க்யூ, அதாவது காட்சிக்கான இசைத் துண்டுகள், வந்திருக்கிறது. பின்னணி இசை, டி மைனர், டெம்போ 84. கம்ப்யூட்டர் ஸ்ட்ரிங்ஸ் ஏற்கனவே போட்டுவிட்டார்கள். அதன் மேலே நிஜமாக வில் தந்தியில் உரசுகிற சத்தம் கொஞ்சம் தூவ வேண்டுமாம், கொத்தமல்லி மாதிரி. "பன்னிரண்டு பேர் வாசிச்ச மாதிரி வேணும் சார்" என்றார் அந்தத் தம்பி. பன்னிரண்டு பேரும் நான்தான்.

ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே வயலினைப் பன்னிரண்டு தடவை வாசித்தால் பன்னிரண்டு பேர் வர மாட்டார்கள். ஒரு குண்டு வயலின்தான் வரும். அதனால் ட்ராக்குக்கு ட்ராக் நாற்காலியை ஓரடி தள்ளிப் போடுகிறேன். பாதி ட்ராக் நல்ல வயலினில், பாதி ட்ராக் படிக்கும் காலத்தில் வாங்கிய மலிவு வயலினில். இரண்டு வில். அப்படியும் போதாது, ஆளையும் மாற்ற வேண்டும். நான்காவது ஆள் எப்போதும் ஒரு மயிரிழை முந்துவார். ஏழாவது ஆளுக்கு வைப்ரேட்டோ அகலம். பதினோராவது ஆள் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே வாசிக்கிறவர், எந்த உச்சத்துக்கும் முழு வில் போட மாட்டார்.

இதெல்லாம் கற்பனை இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், இதே சாலிகிராமத்தில், காலை ஏழு மணி கால்ஷீட்டுக்கு ஓடிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது எனக்கு முன்னால் தெரிந்த முதுகுகள். முகத்தை விட முதுகுதான் ஞாபகம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் இப்போது பிள்ளைகளை க்ரேடு பரீட்சைக்குத் தயார் செய்கிறார். ஒருவர் வில்லை வைத்துவிட்டு மகனோடு மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் இல்லவே இல்லை. எல்லோரையும் என் படுக்கையறைக்குக் கூட்டிவந்து ஒவ்வொருவராக வாசிக்க வைக்கிறேன். கூலி ஒருத்தனுக்கு.

இன்றைக்கு நான்கு பேர் முடிந்தது. ஐந்தாவது ஆள் வாசிக்கும்போது "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" ஒலிபெருக்கி வண்டி தெருவில் நுழைந்தது.

நவம்பர் 18, சனி

காலையில் காதுக்கு ஆறு ஸ்டீராய்டு மாத்திரை. சாப்பிட்ட பிறகுதான். பதினோரு மணிக்கே மறுபடி பசி, நான்கு தோசை போகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. இதில் ஒரு சௌகரியம், இரண்டு மணிக்கு மேல் ரெக்கார்ட் பண்ணலாம். நாலரைக்குப் பால் வண்டி வரும்வரை தெரு நம்முடையது.

வலது.

நவம்பர் 20, திங்கள்

காது சோதித்த ஆடியோகிராம் தாளை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். வலது காது கோடு மேலேயே நேராகப் போகிறது. இடது, ஆயிரம் ஹெர்ட்ஸிலேயே இறங்கத் தொடங்கி, நாலாயிரத்தில் பள்ளத்தில் விழுந்து, எட்டாயிரத்தில் கொஞ்சம் ஏறுகிறது. பார்த்தவுடன், மிக்ஸ் பண்ணும்போது ஒலியை ஏற்றி இறக்குகிற ஈக்யூ வளைவு மாதிரித்தான் தெரிந்தது. "நாலாயிரத்தில் இப்படிக் குடையாதீங்கப்பா, பாட்டு செத்துடும்" என்று கற்றுக்கொள்ள வந்த பையன்களிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"வயலின் சார்."

"எந்தப் பக்கம் வெப்பீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. தாடைக்கு அடியில் கையை வைத்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார். இடது காது திடீரென்று கேட்காமல் போனதற்கும் வயலினுக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, பல பேருக்குக் காரணமே தெரியாது, ஆனால் அந்த நாலாயிரத்துப் பள்ளம் மட்டும் பழையதாக இருக்கலாம் என்றார். பழையது. எத்தனை பழையது? போன வருஷம் மிக்ஸ் பண்ணிக் கொடுத்த அந்தப் பக்திப் பாடல்களில் இடது பக்கம் ஜால்ரா கூடுதலாக இருப்பதாக ஒருவர் சொன்னாரே, அப்போதேவா?

வீட்டில் எல்லோரும் பட்டாசு என்கிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் பஞ்சு அடைத்த மாதிரி எழுந்தேன், அதனால் பட்டாசு. நான் ஒரு சாட்டைகூடக் கொளுத்தவில்லை. அதற்கு முந்தின வாரம் முழுக்க ஹெட்ஃபோனில் வலது பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, இடது காதைத் திறந்து வைத்து, வயலினைக் கேட்டுக்கொண்டே வாசித்தேன். எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறோம், சுருதி தெரிய வேண்டுமே. காதோரத்தில் அழுத்தி வாசித்தால் தொண்ணூறு டெசிபலைத் தாண்டும். எண்பத்தைந்தில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. ஒரு க்யூ மூன்று நிமிஷம், பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து டேக். அதை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று மனைவி சொல்கிறாள். சரிதான். கண் தெரியாத டிரைவரை யார் கூப்பிடுவார்கள்.

நவம்பர் 21, செவ்வாய்

இடது காதுக்குள் கேட்கிற ரீங்காரத்துக்கு என்ன சுருதி என்று கண்டுபிடித்துவிட்டேன். டோன் ஜெனரேட்டரை வலது காதில் வைத்து ஏற்றி இறக்கினேன். 3950 பக்கம். பியானோவில் கடைசிக்கு முந்தின வெள்ளைக் கட்டை, பி.

டி மைனரில் பி ஃப்ளாட்தான் உண்டு. பி-க்கு இடமே இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் வாசிக்கிறது.

நவம்பர் 22, புதன்

ஆகஸ்டில் அனுப்பிய பில். இன்றைக்குக் கேட்டால் "தீபாவளி முடியட்டும்ணே" என்கிறார் மேனேஜர். தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகிறது என்றேன். "பொங்கலுக்குள்ள பாத்துடலாம்ணே." வரும்போதும் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் வரும். பண்டிகையை வைத்துக் காலண்டர் ஓட்டுகிற ஒரே தொழில் இதுதான் என்று நினைக்கிறேன், பட்டாசுக் கடையைத் தவிர.

நவம்பர் 24, வெள்ளி

இன்றைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் உயிரோடு இல்லை.

இரண்டாவது க்யூவுக்குத் திருத்திய ட்ராக் வந்தது. இறக்கிப் போட்டேன். டி மைனர் என்று எழுதியிருக்கிறது, காதில் டி மைனர் இல்லை. ஈ ஃப்ளாட்டும் இல்லை, ஈ-யும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது. வயிறு கலங்கிவிட்டது. இந்த நோயில் சிலருக்கு ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாகக் கேட்கும் என்று படித்திருந்தேன். அது வந்துவிட்டது என்று நினைத்தேன். ஃபோர்க்கைத் தட்டி இடது, வலது, இடது. தம்பூரா ஆப். கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஃபோர்க். கை நடுங்கியதில் அது மேஜையில் விழுந்து சத்தம் போட்டது. அம்மா வந்து "என்னடா ஆச்சு" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, வேலை."

அப்புறம்தான் தற்செயலாகத் தொடையில் தாளம் போட்டேன். 84 இல்லை. தட்டிப் பார்த்தால் 91, 92. சுருதி ஏறியிருக்கிறது, வேகமும் ஏறியிருக்கிறது. காது கெட்டால் வேகம் ஏறாது. ஃபைலின் சாம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலியை எத்தனை ஆயிரம் துண்டாகப் பதிகிறோம் என்ற கணக்கு) 44.1, என் ப்ராஜெக்ட் 48. இறக்கும்போது மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டேன். கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறும். சினிமா வேலை எல்லாமே 48 என்பது எனக்கு மூக்குத் துடைக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும் என்று பேசிக்கொண்டு திரிகிறவன் நான்.

சிரித்தேன். அவள் உள்ளே வந்து ஏன் சிரிக்கிறீங்க என்றாள். சொல்ல ஆரம்பித்தேன், தொண்டை அடைத்துவிட்டது.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். பாப்பா மாடிப்படி முழுக்க அகல் வைத்தாள். வலது.

நவம்பர் 29, புதன்

மாடி வீட்டு மாமி: "சீசன் வருதே, எந்த சபாவுல வாசிக்கறேள்?" வருஷா வருஷம் கேட்கிறார். நான் அந்த வயலின் இல்லை மாமி என்று வருஷா வருஷம் சொல்கிறேன். கர்நாடக சங்கீதக்காரர்கள் கீழே உட்கார்ந்து, வயலினின் தலைச்சுருளைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, பெட்டியை நெஞ்சோடு சாய்த்துக்கொள்கிறார்கள். காதுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கும். நான் தாடைக்கடியில் இடுக்கிக்கொள்கிறேன். ஏழு வயதில் அப்பா என்னை எந்த வாத்தியாரிடம் சேர்த்தாரோ அதன்படி. பக்கத்துத் தெருவில் ஒரு கர்நாடக வாத்தியாரும் இருந்தார், அவருக்குக் கட்டணம்கூடக் குறைவு.

முதல் க்யூ அனுப்பியாயிற்று. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் வைத்துத்தான் சரிபார்த்தேன். "சூப்பர் சார். அந்த நாலாவது ஆள் கொஞ்சம் முந்தறாரே" என்று பதில். "அவர் அப்படித்தான் தம்பி" என்று எழுதி, அழித்து, திருத்தி அனுப்பினேன்.

டிசம்பர் 2, சனி

மழை. தந்தியை முறுக்கும் பிருடை ஊறி இறுகிக்கொண்டு திரும்ப மறுக்கிறது, வில்லின் மயிர் தொங்குகிறது. அம்மாவின் புடவை பீரோவைத் திறந்து வைத்துத்தான் ரெக்கார்டிங். ஃபோம் ஒட்டி ஏமாந்த பணம் போதும், மைக்குக்குப் பின்னால் முப்பது காட்டன் புடவை தொங்கினால் அறை அடங்கிவிடுகிறது. பாச்சை உருண்டை வாசனைதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டர் சீட் மட்டும் தெரிகிறது.

டிசம்பர் 5, செவ்வாய்

புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டதாம். மழை விட்டது. தண்ணீர் வடியவில்லை, கரண்ட் வரவில்லை, ஃபோனில் சிக்னல் இல்லை. மோட்டார் சத்தம் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, பஸ் இல்லை. இந்தத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று எழுதிவிட்டேன். அமைதி ஆக ஆக அந்த பி சத்தமாகிறது. அறை முழுக்க அதுதான்.

லேப்டாப்பில் 41 சதவீதம் இருந்தது. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலேயே ஓடும், மைக்குக்கும் அதிலிருந்தே 48 வோல்ட் போய்விடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். மீட்டரில் அறைச் சத்தம் மைனஸ் எழுபதுக்கும் கீழே கிடந்தது, பகலில் மைனஸ் ஐம்பதைத் தாண்டி இறங்கவே இறங்காது. மூன்றாவது க்யூ, மெதுவான மெலடி, ஆறு பேர் போதும். இடது காதில் பஞ்சு, அதன் மேல் ஹெட்ஃபோன். வலது காது திறந்து. முப்பது வருஷப் பழக்கத்துக்கு நேர் எதிர். முதல் டேக் யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது, வில் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மூன்றாவது டேக்கில் விரல் தானாக இடத்துக்குப் போனது. காதால் வாசிக்கவில்லை. தோள்பட்டை எலும்பில் ஏறுகிற அதிர்வை வைத்து வாசித்தேன்.

ஓடவிட்டுக் கேட்டபோது ஸ்வரங்களுக்கு நடுவில் இன்னொன்று. கர், கர். ஒரே சீராக. புதிதாக ஏதோ காதுக்குள் தொடங்கிவிட்டது என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன். பாப்பாவை எழுப்பிக் கேட்கச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

"தவளைப்பா."

டிசம்பர் 7, வியாழன்

கரண்ட் வந்தது. பக்கத்துத் தெருவில் இன்னும் இல்லை. ஃபோன் டேட்டாவிலேயே ஏற்றி அனுப்பினேன், ஆறு ட்ராக்குக்கு மூன்று மணி நேரம். தவளையை எடுக்கவில்லை.

டிசம்பர் 9, சனி

வலது.

டிசம்பர் 11, திங்கள்

மாத்திரை இரண்டாகக் குறைந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறது. காது தேறவில்லை என்றால் செவிப்பறை வழியாக உள்ளே ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மரத்துப்போக வைத்துவிடுவார்களாம். எதை மரத்துப்போக வைப்பது?

மூன்றாவது க்யூ வேண்டாமாம். "டைரக்டர் கம்ப்யூட்டர் சாம்பிளே போதும்னுட்டார் சார். ஆனா டேக் ரொம்ப அழகா இருந்துச்சு." இரண்டு க்யூவுக்கு மட்டும் பில் அனுப்பச் சொன்னார்கள். சரி. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மத்தியானம் முழுக்க என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு அருமையான பதில் வந்தது, அதையும் மறந்துவிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

பழைய ஸ்டாண்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். ஒரே ஸ்டாண்டில் ஒன்பது வருஷம், நான் உள்பக்கம், பக்கம் திருப்புகிறவன். வெள்ளத்தில் வீடு என்னாச்சு என்று கேட்கத்தான் போட்டேன். பேச்சோடு பேச்சாக, "அண்ணே, உங்களுக்கு எப்பவாவது இடது காதுல..." என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பதினாறு வருஷமாச்சுடா. எனக்கு ஏ ஃப்ளாட்."

அவருடைய இடதுபுறம் உட்கார்ந்து ஒன்பது வருஷம் வாசித்திருக்கிறேன். கூப்பிட்டால் முழுதாகத் திரும்பித்தான் பதில் சொல்வார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு யாருக்கெல்லாம் என்று கேட்டேன். "கேக்காதே" என்றார். அப்புறம் அவரே வரிசையாகச் சொன்னார். ஏழாவது ஆளும் உண்டு.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. நாலரை மணிக்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி. இனி ஒரு மாதத்துக்கு இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைதான். மாத்திரை குறைந்ததில் அந்த நேரத்துக்குத் தூக்கமும் வந்து தொலைக்கிறது.

கோயில் பாட்டில் நாதஸ்வரம் இடது ஜன்னல் வழியாக வருகிறதா, வலது ஜன்னலா என்று படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் இடது பக்கம் இருப்பது எனக்குத் தெரியும், அதனால் இதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

டிசம்பர் 18, திங்கள்

நாளை பத்தரைக்கு ஆடியோகிராம். இன்றைக்கு ஃபோர்க்கை எடுக்கவில்லை. பாப்பா பள்ளிக்கூடப் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள், அறிவியல் வகுப்பில் காட்டணுமாம்.

ஒரு பெங்களூர்ப் பையன் மெயில் போட்டிருக்கிறான். எட்டு பேர் வேண்டும், ஜி மைனர். முன்பணம் பாதி தருகிறேன் என்று அவனே சொல்கிறான். ஜி மைனரிலும் பி ஃப்ளாட்தான்.

நாற்காலியை எடுத்துப் போட்டேன். முதல் ஆளை