வெளியே சாப்பிட்ட கணக்கு

"ஹோட்டல்ல சாப்பிடற பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளில் ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தக் கொழுப்பு, என்று இருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டே கேட்டார். "எப்பவாவதுதான் டாக்டர்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த என் மனைவி அங்கே ஒன்றும் பேசவில்லை, வண்டியில் திரும்பும்போதும் பேசவில்லை, வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு எழுதும் காலண்டரில் அடுத்த மாதத் தாளைப் புரட்டி ஓரத்தில் நான்கு எழுத்துகளை எழுதினாள். ஹ என்றால் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது. பா என்றால் பார்சல். ஆ, ஆபீஸ் நாளில் மதியம் வெளியே சாப்பிட்டது. வ, வடை.

வடையைச் சேர்த்தது அநியாயம் என்று நினைத்தேன். டீக்கடையில் நின்றபடி ஒரு பருப்பு வடையைப் பேப்பரில் அமுக்கி எண்ணெய் எடுத்துவிட்டுச் சாப்பிடுவது எப்படி "வெளியே சாப்பிடுவது" ஆகும்? அது டீயோடு சேர்ந்தது. "அப்போ அது எங்க போகுது, டீ டம்ளருக்குள்ளயா?" என்று கேட்டாள். வ இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கணக்கை எழுதுவது தனிக் கொடுமை. இங்கே ராத்திரி ஏழு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கும், நாலு வீடு தள்ளி ஒரு அக்கா வாசலில் அடுப்பை வைத்து இட்லி அவிப்பார், மூன்று சட்னி உண்டு, கேட்டால் இன்னும் ஒரு கரண்டி சாம்பார். சமைக்க அலுப்பாக இருந்தால் நாங்கள் ஹோட்டலுக்குப் போவதில்லை, "கீழ போய் பத்து இட்லி வாங்கிட்டு வாங்க" என்பதோடு சரி. அதை யாரும் எங்கள் வீட்டில் வெளிச் சாப்பாடாக எண்ணியதே இல்லை. தட்டு நம்முடையது, டிவியும் நம்முடையது, அப்புறம் எப்படி அது வெளியே? காலண்டரில் மட்டும் அது பா.

மாதம் முடிந்தபோது வந்த எண்ணிக்கை இது: ஹ இரண்டு, பா பதினொன்று, ஆ எட்டு. வ எத்தனை என்று நான் எழுதப் போவதில்லை.

இரண்டே ஹ. அதைத்தான் நான் டாக்டரிடம் "எப்பவாவது" என்று சொல்லியிருக்கிறேன். சட்டையை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளைக் கிளப்பி, மேசைக்குக் காத்திருந்து, இலை போட்டு உட்கார்ந்தால்தான் என் மனதில் அது ஹோட்டல் சாப்பாடு. மீதி 19 தடவையும் மனம் கழித்துவிட்டது. ஆபீஸில் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் "மாசம் ஒரு தடவைதான்" என்றார், அதைச் சொன்ன நேரத்தில் அவர் முன்னால் மெஸ் சாப்பாடு திறந்திருந்தது.

மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு பற்றி முன்பு பேப்பரில் படித்தது ஞாபகம் வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். நகரத்தில் ஒருவரின் மாதச் செலவில் அரிசி, கோதுமை வகையறாவுக்குப் போவது 3.64 சதவீதம். பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்று ஒரே தலைப்பில் கட்டியிருப்பதற்கு 10.64 சதவீதம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கிராமத்திலும் இந்தத் தலைப்புக்கு 9.62 போகிறது. பிஸ்கட் பாக்கெட், டீ, ஹோட்டலில் வாங்கிய சாப்பாடு எல்லாம் அந்த ஒரு மூட்டைக்குள்தான். அதாவது அரசாங்கமும் வடையைச் சேர்த்துத்தான் எண்ணுகிறது. இதை வீட்டில் நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் முதன்முதலில் ஹோட்டலுக்குள் கால் வைத்தேன் என்றார். துணி எடுக்க டவுனுக்கு வந்த நாள். திரை போட்ட குடும்ப அறையில் உட்காரவைத்தார்களாம், அப்பா ஆர்டர் கொடுத்தாராம், ஒரு மசால் தோசை, ஒரு காபி. ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார். "கிளப்புக் கடையில சாப்பிட்டான்னு தெரிஞ்சா, வீட்ல ஆக்கிப்போட ஆள் இல்லையான்னு கேப்பாங்கப்பா." ஆம்பளை வெளியே சாப்பிட்டால்கூடக் கேள்வி வீட்டில் இருக்கிற பெண்ணைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. இப்போது என் மனைவி பரோட்டா வாங்கிவரச் சொன்னால் அம்மாதான் முதலில் "எனக்கு ஒண்ணு போதும், சால்னா நிறைய" என்கிறார்.

அப்பா இருந்தவரை ஹோட்டல் வாசலில் ஒரு சடங்கு உண்டு. உள்ளே எட்டிப் பார்த்து "ஏசியா, சாதாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களை நுழைய விடுவார். ஏசி அறையில் அதே தோசைக்கு விலை கூட, குளிரைத் தின்ன முடியுமா என்பார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஹோட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 சதவீதம் என்று வைத்தார்கள். கடையில் ஒரு பகுதியில் ஏசி இருந்தாலே சாதாவில் உட்கார்ந்தவருக்கும் 18 தான் என்பது தெரிந்த அன்று அவர் பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டினார். நவம்பர் 15 முதல் எங்களைப் போன்றவர்கள் போகும் கடைகளில் ஏசி, சாதா இரண்டுக்கும் 5 ஆக்கினார்கள். பதிலுக்கு, வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை ஹோட்டல்காரர்கள் கழித்துக்கொள்ள முடியாமல் போனது. பல கடைகளில் விலைப் பலகை மாறியது. நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் பில் தொகை பழையபடியே நின்றது. அப்பா அதற்கும் ஒரு பில்லை மடித்து வைத்தார்.

அந்த இரண்டு ஹ-வில் ஒன்று கல்யாண நாள். பத்து நிமிஷம் மெனு கார்டைப் புரட்டி, பெயரே வாயில் நுழையாத மூன்று ஐட்டங்களை விசாரித்து, கடைசியில் பெரியவனுக்கு ஃப்ரைட் ரைஸ், சின்னவளுக்கு நெய் ரோஸ்ட், அம்மாவுக்கு இடியாப்பம், எங்களுக்குப் பரோட்டா. எப்போதும் இதேதான். சப்ளையரும் நாங்கள் முடிவெடுக்கும்வரை போர்டைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார், அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். சாம்பார் இன்னொரு கிண்ணம் கேட்டேன், அதற்குத் தனிக் காசு என்றார்கள். வாளியோடு வந்து ஊற்றிய கடையே இப்படி ஆனதில் எனக்கு வருத்தம்தான். மனைவி என்னைப் பார்த்து, "அடுத்த மாசம் பாவுல போடலாம்ங்க" என்றாள்.

மாவு பாக்கெட் எந்த எழுத்தில் வரும் என்பது இன்னும் தீரவில்லை. வாங்கியது வெளியே, ஊற்றியது வீட்டில். அவள் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறாள். அரைப்பது அவள் வேலையாக இருந்தது, அதனால் அந்தத் தீர்ப்பை எதிர்த்து நான் பேசுவதாக இல்லை.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் கேட்பதற்கு முன்னாலேயே மனைவி கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். அவர் எழுத்துகளுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"14-ம் தேதி மட்டும் ஒண்ணுமே இல்லையே, நல்ல விஷயம். அன்னிக்கு மட்டும் எப்படிக் கட்டுப்பாடா இருந்தீங்க?"

"அன்னிக்குக் கடையடைப்பு டாக்டர்" என்றாள்.