குலசேகரம், ஜூன்

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மாமா இன்றும் பேசவில்லை.

ஜூன் 5, வியாழன்

"நீ இங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய், போய் வீட்டைப் பார்" என்று அத்தை அனுப்பிவிட்டார். வீட்டைப் பார்க்கவில்லை. ஷெட்டைத் திறந்தேன்.

மாமாவின் எம்ஜிஏ 1500, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். தார்ப்பாய் முழுக்கப் பல்லி எச்சம். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். வண்டி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கைப்பிடியைத் தேடித் தேடி விழிப்பார்கள். மாமா திண்ணையில் இருந்தபடி ரசித்துக்கொண்டிருப்பார், சொல்லித் தரமாட்டார். ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடி இல்லாத வண்டிக்கு வெளியே எதற்குக் கைப்பிடி என்பதுதான் விஷயம். அதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இருக்கைக்கு அடியில் அவருடைய நோட்டு கிடைத்தது. பக்கத்துக்கு ஓர் உறுப்பின் படம், கீழே தேதி, அதன் கீழே 'எதற்கு?' சிலவற்றுக்குப் பதில் இருக்கிறது. பதிலுக்கும் தனியாகத் தேதி.

ஜூன் 6, வெள்ளி

பதில் இல்லாத பக்கங்களை மட்டும் மறுபடி புரட்டினேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டோடு நின்றேன்.

எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புபவை. ஒவ்வொன்றின் மணி வடிவ மூடிக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கு மட்டும் தட்டுப்படும் இடத்தில், ஸ்பிரிங் வைத்த சிறிய ஆணி ஒன்று. தள்ளினால் மேலே போகும், விட்டால் இறங்கும். அதில் எந்தக் கம்பியும் கோக்கவில்லை. பெட்ரோலும் அதன் வழியாகப் போவதில்லை. கழற்றி எறிந்தாலும் வண்டி ஓடும். நோட்டில் 1987 என்று தேதி போட்டு 'எதற்கு?' என்று எழுதியிருக்கிறார். பதில் 1991இல், வேறு மையில்: 'நாடி பார்க்க.'

எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த ஆணியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சற்று எழும்பும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் எல்லாம் சரி. இந்த மூன்று வரிக்கு நான்கு வருடம். பட்டறைக் கைப்புத்தகத்தில் இருந்திருக்கும். யாரிடமாவது கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். மாமா அதெல்லாம் செய்யவே மாட்டார். கேட்டால் தோற்றதாக அர்த்தம் அவருக்கு.

ஆணியைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சின் ஓடாதபோது அதில் ஒன்றும் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

அத்தான் துபாயிலிருந்து பேசினார். கொச்சியில் ஒருவர் வாங்கத் தயாராம். ஷெட்டில் கிடக்கும் தகரத்துக்கு இவ்வளவு விலை வருவதே பெரிது என்றார். தன் அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

ஜூன் 11, புதன்

டாக்டர் மாமாவின் உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தார். பெருவிரல் மேல்நோக்கிப் போனது. போகக்கூடாதாம்.

இடது கை நன்றாக அசைகிறது. விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் அழுத்தி அழுத்திக் காட்டுகிறார். நர்ஸ் மணியா? இல்லை. டிவி ரிமோட்டாக இருக்கும் என்று அத்தை கொண்டுவந்து கொடுத்தார்; தட்டிவிட்டார். தண்ணீர் இல்லை, தலையணை இல்லை.

ஜூன் 12, வியாழன்

ஹேண்ட்பிரேக்!

மற்ற வண்டிகளில் குமிழை அழுத்தினால் பிரேக் விடுபடும். இதில் தலைகீழ்: இழுத்துப் பிடித்துக் குமிழை அழுத்தினால்தான் பூட்டும். விடுவிக்க லேசாக இழுத்தால் போதும், தானாக விழும். போய்ப் பார்த்தால் பூட்டியே இருக்கிறது. மழைக்காலத்தில் அப்படியே விட்டால் பின் சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டுவிடும். விடுவித்து, சக்கரங்களுக்குச் செங்கல் வைத்துவிட்டு, நனைந்தபடியே பஸ் பிடித்து நாகர்கோவில் போய்ச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டார். புரிந்ததா, தூக்கமா?

ஜூன் 13, வெள்ளி

கட்டைவிரல் இன்றும் அழுத்துகிறது. ஹேண்ட்பிரேக் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பதில் இல்லாத பக்கங்களில் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. படம் மிகத் துல்லியம்: கிளட்ச் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) அடியில் ஒரு துளை, துளையில் ஒரு ஸ்பிலிட் பின், அதாவது இரண்டு காலாகப் பிளந்த கம்பி ஆணி, அவ்வளவுதான். டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். இருக்கிறது. இரண்டு காலும் விரிந்து, விழாமல் தொங்குகிறது. எதோடும் எதையும் இணைக்கவில்லை. தொட்டால் ஆடுகிறது. ஸ்பிலிட் பின் என்றாலே நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கத்தானே? இது எதையும் பிடிக்கவில்லை. வண்டி செய்த அபிங்டன் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் மறந்துவிட்டுப் போனதா? ஒரு வண்டியில் மறக்கலாம். நோட்டின் ஓரத்தில் மாமா பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'மறதி அல்ல.' தேதி 1994.

பலாச்சக்கை வெட்டிக் கொடுத்த கையோடு பக்கத்து வீட்டுச் சித்தி கேட்டார்: "வண்டிக்கு அடியில் ஏன் படுத்திருக்கிறாய்?"

ஜூன் 17, செவ்வாய்

மார்த்தாண்டத்திலிருந்து மேஸ்திரி வந்தார். ஆயுள் முழுவதும் அம்பாசிடர் ரிப்பேர் பார்த்தவர். மாமா இருந்த வரைக்கும் இந்த ஷெட்டுக்குள் அவரைச் சேர்த்ததில்லை. (இருந்த வரைக்கும் என்று எழுதிவிட்டேன். வீட்டில் இருந்த வரைக்கும்.)

குனிந்து ஒரு நொடிதான் பார்த்தார். "மக்களே, இது அம்பாசிடர் எஞ்சின்தான்" என்றார். அம்பாசிடரில் போட்டதும் 1489 சிசி, இதுவும் 1489 சிசி. இரண்டும் பிரிட்டிஷ் கம்பெனியான பிஎம்சியின் பி சீரிஸ் எஞ்சின். இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின் முனைக்கு ஆயில் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்ப ஒரு திருகு வரி மட்டும் வெட்டியிருக்கும். எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சொட்டும். சொட்டும் ஆயில் கிளட்சில் படக்கூடாது என்று அடியில் துளை போட்டார்கள். கிளட்ச் தூளும் ஆயிலும் சேர்ந்து அந்தத் துளையை அடைக்கும். ஸ்பிலிட் பின் ஆடிக்கொண்டே இருந்தால் அடைக்காது.

"ஆடுவதுதான் அதற்கு வேலை. இறுக்கிவிட்டால் கெட்டது."

காப்பி குடித்துவிட்டு, வாசலில் நின்று வண்டியை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. முப்பது வருடமாக மாமா வைத்திருக்கும் கேள்வி.

ஜூன் 18, புதன்

இன்று கஞ்சி விழுங்கினார். வர்ம ஆசானை எப்போது கூப்பிடலாம் என்று அத்தை டாக்டரிடமே கேட்டார். டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தேன். "இதற்குப் பதில் தெரிந்துவிட்டது மாமா. சொல்லட்டுமா?"

இடது கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினார். நல்ல பலம்.

அத்தை பயந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. நர்ஸ் வந்து திட்டினார்.

ஜூன் 19, வியாழன்

அத்தான் மறுபடி. கொச்சிக்காரர் சனிக்கிழமை வரலாமா என்கிறாராம். வண்டி ஓடும் நிலையில் இல்லை, மழை விடட்டும் என்றேன். ஓடாத வண்டிக்கு விலை குறையும் என்றார். குறையட்டும்.

ஜூன் 20, வெள்ளி

திங்களன்று டிஸ்சார்ஜ் என்கிறார்கள். சக்கர நாற்காலி வாடகைக்குப் பார்க்க வேண்டும். முன் படிகளுக்குச் சாய்தளம் போடக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். மழையில் சிமெண்ட் பிடிக்காது, பலகை போடலாம் என்கிறார். கட்டிலை ஷெட் பக்கத்து ஜன்னலோரம் போட்டால் சாரல் அடிக்கும் என்று அத்தைக்குக் கவலை.

மேஸ்திரிக்கு பேட்டரி விஷயம் சொல்ல வேண்டும். இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட். ஒரே பன்னிரண்டு வோல்ட் போட்டுவிடலாம் என்கிறார். மாமா ஒப்புக்கொள்ளமாட்டார். எதைப் போட்டாலும் இதில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும், மாற்றிக் கொடுத்துவிடாமல் கூடவே நிற்க வேண்டும். விலை விசாரிக்க நாளை வடசேரி